பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

பன்னிரண்டு செடி, பன்னிரண்டு இலை.
பாகூர் பஸ்ஸில் ஐஸ் பெட்டியை
மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.
ஊதாவிளக்கின் கீழ்
பன்னிரண்டு தடத்திலும் ஒரே உயரத்தில்
மெல்லிய ஒரு கோடு.

வைரஸ் என்றதும்
கலிவரதன் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.
அந்தச் சொல்லை வெண்டைப் பாத்தியில் கற்றவர்:
வெள்ளை ஈ வந்து உட்கார்ந்தது,
நரம்பெல்லாம் மஞ்சள்,
வெளுத்த காயைச் சந்தையில் சீந்த ஆளில்லை.
"மிளகாயிலயுமா? புடுங்கிடவா?"

வேண்டாம்.
இது ஈயின் வாயில் ஏறாது.
கத்தியில், கையில், சாற்றில் ஒட்டாது.
அடுத்த செல்லுக்குப் போகக்கூட
வழி தெரியாது இதற்கு.
செல் இரண்டாகும்போது
இரண்டிலும் இருந்துவிடுகிறது, அவ்வளவுதான்.
பிறகு சூலில், மகரந்தத்தில்.
பிறகு விதையில்.

"என்ன பண்ணுது?"
தெரியலைங்க.
"நல்லதா, கெட்டதா?"
அதுவும்.
"அப்ப என்னாதான் கண்டுபுடிச்சீங்க?"
இருக்குதுன்னு.

வரப்புக்கு அப்பால் அஞ்சலாட்சியின் மிளகாய்.
ஏழு வருஷமாக இலையோடு இலை உரசுகிறது.
அங்கே ஒரு தடத்திலும் கோடில்லை.
இரண்டும் ஒரே பச்சை.
காரமும் ஒன்றுதான்,
கடித்துப் பார்த்தேன், குறிப்பேட்டில் எழுதவில்லை.

விதை எங்கே வாங்கியது?
வாங்கவில்லையாம்.
பண்ருட்டியில் பெண் எடுத்தபோது
துணி முடிச்சில் கூடவே வந்ததாம்.
அதற்கு முன்பு?
உதட்டைப் பிதுக்கினார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்: ழாக்லின் லாபோர்த்.
"வெள்ளக்காரப் பேரு?"
எப்போதோ ஒருவர் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தது.
எங்களில் கடல் தாண்டியவர் யாருமில்லை.
அந்தப் பெயர் என்னை ஒன்றும் செய்ததில்லை,
சென்னாக்குன்னித் தொக்கை நான் விட்டதில்லை.
தம்பி பிள்ளைகளின் டி.சி.யில்
எழுத்துப் பிழையோடு தவறாமல் இருக்கிறது.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
"குத்தகை குடுக்காத குடி"ன்னு
அவரே பேர் வைத்து முடித்திருந்தார்.

மொட்டுகளுக்கு மெல்லிய துணிப்பை கட்டினேன்,
மகரந்தம் வரப்பைத் தாண்டக்கூடாது, சோதனைக்காக.
இருபத்து மூன்று கட்டியதும் பை தீர்ந்தது.
இருபத்து நான்காவது வெள்ளையாக விரிந்திருந்தது.
ஒரு கொசுத்தேனீ அதற்குள் புரண்டு,
பின்னங்காலைத் துடைத்துக்கொண்டு
அஞ்சலாட்சி பக்கம் போயிற்று.

நான் விரட்டவில்லை.
மணியை மட்டும் பார்த்துக்கொண்டேன்: ஒன்பது பத்து.