உள்ளூர் விலை

மண்டபத்தில் எங்கள் தெருவுக்கு டவர் என்பது
மாடித் தண்ணீர்த்தொட்டிக்குத் தெற்கே நாலடி.
போனை அங்கே செங்கல்மேல் வைத்துவிட்டு
படியில் உட்கார்ந்து இறக்கினேன்
ஆயிரத்து நானூறு பொட்டலம்,
பாதி எதற்கென்றே தெரியாது.
எண்பத்தேழு சதவீதத்தில் கரண்ட் போனது.
கச்சான் மட்டும் நிற்கவில்லை.

சர்வர் எழ மறுத்தது:
மூவாயிரமாம் போர்ட்டில் ஏற்கெனவே யாரோ.
யாருமில்லை,
நேற்று நான் அணைக்காமல் தூங்கிய அதே சர்வர்.
கொன்றேன். எழுந்தது.

டேட்டாபேஸ் காலி.
சோதனைக்கு நாலு வள்ளம் எழுதினேன்,
இல்லாத ஆட்கள், இல்லாத வலை.
நீலக்கால் நண்டு, கிலோ தொள்ளாயிரம்.
கை போன போக்கில் வந்த எண்.

நூல்கண்டு கேட்டு மாடியேறிய சீனி இபுராம்சா
திரை முன்னால் நின்றுவிட்டார்.
"எந்தக் கம்பெனிடா இந்த வெலை?"
காலையில் அவருக்கு முந்நூற்றெண்பது,
அதிலும் ஈரத்துக்கென்று கிலோவுக்கு நூறு கிராம் கழிவு.

கம்பெனி இல்லண்ணே, லோக்கல்ஹோஸ்ட்.
இந்தப் பொட்டிக்குள்ள மட்டும்தான் ஓடும்.

"அப்ப நாளைக்கு இதுக்குள்ளயே நிறுத்துருவோம்."
சிரிக்கவில்லை. நூலை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

பேட்டரி பதினொன்று.
விலையைத் திருத்தப் போன விரல்
அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்தது:
ஈரக்கழிவு.
தொடக்க மதிப்பு, பூஜ்யம்.