நோ தொடங்கின நேரம்

பத்திரத்தில் ஏழாவது கேள்வி அது.
மணிக்கு ஒரு பெட்டி, நிமிடத்துக்கு ஒரு பெட்டி.

முத்தையன்கட்டில் ஒருவர் சொன்னார்:
"ரண்டாம் பம்ப் நிப்பாட்டின கையோட."
ஒலுமடுவில் ஒரு பெண்:
"முட்டைக்காரன் வந்திட்டுப் போட்டான்,
பள்ளிக்கூடம் விடேல்லை."
முட்டைக்காரனைத் தேடிப் போனேன்.
அவன் அந்த ஒழுங்கைக்கு வருவது பதினொன்று நாற்பதுக்கு,
சங்கிலி கழன்றால் பன்னிரண்டு.
11.40 என்று எழுதினேன்.
ஒரு சைக்கிள் சங்கிலி
ஆய்வுக்குள் இப்படித்தான் காணாமல் போகிறது.

நாங்கள் தேடுவது இதைத்தான்:
நெஞ்சடைத்து வந்தவருக்கு
இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை
மாங்குளத்திலேயே உடனே போடுவதா,
அம்புலன்சில் ஏற்றி யாழ்ப்பாணம் அனுப்பி
மணிக்கட்டால் கம்பி விட்டுத் திறப்பதா.
எது கூடுதலான பேரை
முப்பதாம் நாள் உயிரோடு வைத்திருக்கிறது?
முப்பதாம் நாள் என்னுடைய வேலை.
மோட்டார் சைக்கிளை நிறுத்தி
படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.
அவரே எழும்பி வந்தால் ஒன்று.
வேறு ஆள் வந்து, பேசாமல்
கதிரை எடுத்துப் போட்டால் பூச்சியம்.

அறுபத்தொன்று. கேதாரநாதன்.
துணுக்காயில் ரக்ரர் திருத்துபவர்.
நான் போனபோது எஞ்சினுக்குக் கீழே கிடந்தார்.
வெளியே வரச்சொல்லி ஏசினேன்.
"எப்ப தொடங்கினது நோ?"
கையில் கிறீஸ். பழஞ்சீலையில் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
"ரண்டாயிரத்து ஒன்பது."
நான் ஒன்றும் எழுதவில்லை.
"மாசி," என்றார். "திகதி ஞாபகமில்லை."

இடது விலாவுக்குள் ஒரு துண்டு.
எடுக்க வெளிக்கிட்டால்தான் ஆபத்து,
இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.
மழைக்கு முதல் நோகும். பாரம் தூக்கினால் நோகும்.
அன்றைக்கும் நொந்திருக்கிறது.
அதுதான் என்று நினைத்து
மூன்று மணித்தியாலம்
ஒரு கியர்பொக்சைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்.
இடக்கை விறைத்து
பதினேழாம் சாவி காலில் விழுந்த பிறகுதான்
"இது அதில்லை" என்று விளங்கியதாம்.

மாரடைப்பு நோ
யானை நெஞ்சில் ஏறி நிற்பதுபோல என்று
படிப்பித்தார்கள்.
இந்தப் பக்கம் யானை மிதித்த ஆள் இருக்கிறார்.
அவரைக் கேட்டேன்.
"அது வேறை," என்றார்.

கேதாரநாதனின் படத்தைப் பிறகு கணினியில் பார்த்தேன்.
குழாயில் விட்ட மருந்து கறுப்பாய் ஓடி
சட்டென்று ஓரிடத்தில் முடிந்தது.
பக்கத்தில் துண்டு, அதுவும் கறுப்பு,
ஒவ்வொரு துடிப்புக்கும்
ஓமென்று தலையாட்டிக்கொண்டு.

டொக்டர் மயூரதி போனில் சொன்னா:
"நேரம் தெரியாட்டி கழிக்கவேணும். விதி அப்பிடி."
சரி என்றேன்.
அன்றிரவு பழைய கோப்புகளைப் புரட்டினேன்.
நெஞ்சுக்கூட்டில் துண்டு உள்ளவர்கள் இன்னும் பதினொருவர்.
எல்லாரும் பிந்தித்தான் வந்திருந்தார்கள்.
கழித்தால் அட்டவணை துப்புரவாகும்.
ஆனால் ஏன் பிந்துகிறார்கள் என்பதை
எந்த ஊசியிடம் போய்க் கேட்பது?

விடிய மறுபடி போன் எடுத்தேன்.
கன நேரம் சத்தமில்லை.
"சரி, கேட்டு எழுதும். எண்ணுக்குள்ளை சேர்க்காதையும்."
ஏழாவது கேள்விக்குக் கீழே பேனையால் எழுதினேன்:
7அ. இதை வேறு எந்த நோ என்று நினைத்தீர்கள்?

வாய்வு என்றார்கள் பலர்.
நெல்லு மூட்டை. புரைக்கேறினது.
ஒருவர் "நித்திரை காணாது" என்றார்.
யோகபுரத்தில் பத்மலோசினி
கோழிக்குத் தவிடு குழைத்தபடி சொன்னா:
"புதன்கிழமையெல்லோ. லோன்காரன் வாற நாள்.
புதனிலை எனக்கு நெஞ்சு அப்பிடித்தான் இறுக்கிறது."
அன்று அவன் வந்தானா என்று கேட்டேன்.
வந்து, காசை வாங்கி, துண்டு கிழித்துக் கொடுத்துவிட்டுப்
போனானாம். அவன் படலை தாண்ட
அவ விழுந்திருக்கிறா.

கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்
சீனிப் போத்தலுக்குள்ளிருந்து
அந்தத் துண்டை எடுத்து வந்தா.
மை மங்கல். தொகை தெரியவில்லை.
நேரம் இருந்தது. 9.52.
எழுதினேன்.