நிபந்தனை இலக்கம் நாலு

செப்டம்பரில் கோர்ட்டுக் கடிதம் வந்தது:
நாங்கள் இனி இரண்டு.
பெப்ரவரியில் கவுன்சில் கடிதம் வந்தது:
ஒரே குடும்பமாய் இருந்தால் மட்டும்
பின்தோட்டத்தில் அறை கட்டலாம்.

இரண்டையும் ஒரே கிளிப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டை விற்றிருக்கலாம்.
விற்று, பாங்குக் கடனைக் கட்டி,
மிச்சத்தைப் பாதியாய்ப் பிரித்தால்
உங்களுக்கொரு குசினியும் அவருக்கொரு குளியலறையும்
வாங்கலாம் என்றான் ஏஜென்ட் பொடியன்.
இருவரும் சிரித்துவிட்டோம்,
எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு
ஒரே நேரத்தில்.

லண்டனுக்குத் தெற்கே இந்த ஊரின் பெயரே மிச்சம்.
ஆங்கிலத்தில் அதற்கு வேறு பொருள் இருக்கும்.
நான் தேடிப் பார்க்கவில்லை.

ஆப்பிள் மரத்துக்கும் வேலிக்கும் நடுவே
ஆறு மீற்றர் நீளம், நாலரை அகலம்,
உயரம் இரண்டரையைத் தாண்டக் கூடாது.
நிமலரூபன் டேப்பை இழுத்தார்.
நுனியை நான் பிடித்தேன்.
காற்றில் அது நடுங்கியது.
பத்தொன்பது வருசத்தில்
நாங்கள் சேர்ந்து தூரம் அளந்தது
அன்றுதான்.

கட்ட வந்த ஸ்லாவெக் கேட்டான்:
"விருந்தாளிக்கா?"
"ஓம்" என்றேன் நான்.
"இல்லை" என்றார் அவர்.
ஸ்லாவெக் காதிலிருந்த பென்சிலை எடுத்து
ஜிப்சம் பலகையில் ஒரு கேள்விக்குறி போட்டான்.
அடுத்த நாள் அதன் மேலேயே பூசினான்.
இப்பவும் உள்ளே இருக்கும்.

நிபந்தனை நாலை இளையவள் துவாரகிக்குத்
தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.
மொழிபெயர்ப்பு என் தொழில்;
ஆஸ்பத்திரியில், பொலிசில், தேவைப்பட்டால் கோர்ட்டில்.
இந்தக் கட்டடம் பெரிய வீட்டுக்கு,
என்று தொடங்கி நின்றேன்.
சார்ந்தது? கீழ்ப்பட்டது? ஒட்டியது?
கடைசியில் வந்த சொல் துணை.
துணையாக மட்டுமே இருக்கலாம்.
தனிக் கதவிலக்கம் கூடாது,
தனி மீற்றர் கூடாது,
அடுப்பு கூடவே கூடாது.
"துணை என்றால்
கலியாணக் கார்டில் போடுவாங்களே, அதுவா?"
அதுவும்தான், என்றேன்.

ஜூனில் பார்வையிட வந்தவள் மிஸ் ஹாவர்த்.
சின்னப் பெண், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தாள்.
இழுப்பறைகளைத் திறந்தாள், மூடினாள்.
பிளக்குகளை எண்ணினாள்.
சிங்க் இருக்கலாம், அடுப்பு இல்லைத்தானே?
இல்லை.
அப்ப எங்கே சாப்பிடுவார்?
அவர் ஜன்னல் கொளுவியைத் திருகிக்கொண்டு நின்றார்.
"எங்களோடுதான்"
என்றேன்.
மற்றவர்களின் வாக்குமூலத்தைச் சொல்லும் அதே குரல்,
ஏற்ற இறக்கமில்லாமல்.
அவள் சரி போட்டுக்கொண்டு போனாள்.

அன்றிரவு பின்கதவில் தட்டும் சத்தம்.
அந்தக் கதவுக்குப் பெயின்ற் அடித்தவர்
அதைத் தட்டினார்.
புட்டும் மீன்குழம்பும்.
பிள்ளைகள் கூடுதலாய்க் கதைத்தார்கள்.
தன் கோப்பையைத் தானே கழுவி,
முன்பொருநாளும் கழுவாத கோப்பை,
கவிழ்த்து வைத்துவிட்டு
போன் வெளிச்சத்தில் புல்வெளியைக் கடந்து போனார்.
பதினொரு சீமெந்துக் கல்.

கட்டிலுக்குக் கீழே ஒரு ரைஸ்குக்கர் ஒளித்திருக்கிறார்.
சனிக்கிழமைகளில் அந்த ஜன்னலில் ஆவி படியும்.
மீற்றர் ஒன்றுதான், பில் என் பெயரில்தான்,
தெரியாமல் போகுமா?
சட்டப்படி நான் சொல்ல வேண்டும்.
சொல்லவில்லை.

போன சனி ஒரு மெசேஜ்:
உப்பு முடிஞ்சுது.
அவ்வளவுதான், கேள்விகூட இல்லை.

மழை விட்டிருந்தது.
செருப்பைப் போட்டுக்கொண்டு
போத்தலோடு இறங்கினேன்.
ஆறாவது கல்லில் வைத்துவிட்டுத்
திரும்பி வந்தேன்.
எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும்
அது ஆறாவதுதான்.