லேபிள் இல்லாத கசெற்

வெள்ளி இரவுகளில் ரெஜான்
உறையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து
ஊசியை இறக்குவான். சொல், யார்?

ட்ரம்பெற் என்றால் தோற்றுவிடுவேன்.
டபுள் பேஸ்காரரை மட்டும்
மூச்சை வைத்துப் பிடிப்பேன்:
விரல் தாவுமுன் மூக்கால் ஒரு சின்ன முனகல்.

இன்றைக்கு ஒரு கசெற்.
பார்க் எக்ஸ்டென்சன் பழைய சாமான் கடையில்
இரண்டு டொலர். அவனுக்கும் தெரியாது.
ஐம்பத்தெட்டு என்கிறேன்.
எழுபதுக்கு இந்தப் பக்கம் என்கிறான்.
ட்ரம்ஸ் அடிப்பவன் இடக்கையன்,
அதில் மட்டும் ஒத்துப்போனோம்.
பியர் போத்தல் நான்கு காலி.

வேலை முடிந்து வந்த யோகமதி
பனிச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
"இதுக்குள்ள ஒரு யன்னல் திறந்து கிடக்கு."

பின்னுக்குச் சுற்றினோம்.
பியானோவுக்குப் பின்னால், ஓம்,
மழை.
ஒரு பஸ் நின்று, பெருமூச்சு விட்டு,
போகிறது.

ஏறியது யார் என்று
இப்போது சண்டை.