பாக்கி அதிகாரங்கள்

ஜனவரி ஒன்றாம் தேதி
ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணையை ஒட்டினார் பொன்சிங்.
கப்பல் கம்பெனிக் கிடங்கில் வேலை அவருக்கு.
வரவு, செலவு, இருப்பு என்று
கோடு போடாமல் ஜெபம்கூட வராது.
நாளுக்கு மூன்று அதிகாரம்.
சபைக்குப் போகிற வெள்ளிக்கிழமை ஐந்து.

பிப்ரவரி பாதியில்
முப்பத்தேழு அதிகாரம் பாக்கி.
எனக்கு நைட் டியூட்டி விழுந்த வாரம்
ஐம்பதைத் தாண்டியது.
கார் லோன் மாதிரி,
ஊருக்கு இன்னும் அனுப்பாத பணம் மாதிரி,
தயிர் எடுக்கப் போகும்போதெல்லாம்
அந்தத் தாள் என்னைப் பார்த்தது.

பாக்கியை அடைக்க வேகமாக வாசித்தோம்.
யார் யாரைப் பெற்றான்,
எந்தத் திரை எத்தனை முழம்,
எந்தப் பலிக்கு எத்தனை ஆடு.
லிஃப்டில் மாடி எண்கள் மாறுவதுபோல் வசனங்கள் போயின,
கதவு எந்த மாடியிலும் திறக்கவில்லை.
ஏனோஸ் கண் திறந்தபடி தூங்கப் பழகினான்.
நான் வெங்காயம் அரிந்தபடி ஆமென் சொல்லப் பழகினேன்.

ஜெர்லினுக்குப் பதினொரு வயது.
பள்ளிக்கூடத்தில் அரபி உண்டு, இந்தி உண்டு.
தமிழுக்கு நாங்கள்தான்.
எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.
அவள் முறை வந்தால்
பொன்சிங் கடிகாரத்தைப் பார்ப்பார்.

மார்ச்சில் ஒரு நாள் தூசிக்காற்று.
மங்காஃப் முழுக்கக் காவி.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தும்
மேசைமேல் மெல்லிசாக மணல்.
அவள் வாசித்தாள்:
வ... னா... ந்... த... ரம்.
நிறுத்தினாள்.

"வனம்னா காடுதானேம்மா?
இத்தனை மரத்துக்கு நடுவுல
இவங்க ஏன் தண்ணி தண்ணின்னு அழறாங்க?"

பொன்சிங் வாயைத் திறந்தார், மூடினார்.
கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
"நானும் மரம்தான் பார்த்தேன்டா.
உடைமரக் காடு. ஆடு மேயுமே, அது.
நாப்பது வருஷமும் அவங்களை
அதுக்குள்ளதான் நடக்கவிட்டேன்."

ஏனோஸ் எழுந்து போய்த் திரையை விலக்கினான்.
எதிர்க் கட்டடம் இல்லை. சாலை இல்லை.
பாலத்தின் விளக்குகள் இல்லை.
"இதுவா?" என்றான்.
பிறகு, "டேங்கர் வராதா அங்கே?"

யாரும் சிரிக்கவில்லை.
போன ஆகஸ்டில் மோட்டார் கெட்டு
ஆறு மாடிக்கு நாங்கள் கேன் சுமந்திருக்கிறோம்,
நாலாவது மாடியில் நின்று
ஒருவரையொருவர் ஏசியும் இருக்கிறோம்.

பதினாறு வருஷமாக
அந்தச் சொல்லுக்குள் குடியிருந்து
வாடகை கட்டியிருக்கிறேன்.
தினமும் தலைமுடியிலிருந்து
அதைத்தான் கழுவி விட்டிருக்கிறேன்.

அன்றைக்கு ஒரே வசனம், நாலு தடவை.
குக்கர் அதன் பாட்டுக்குக் கூவி ஓய்ந்தது.

அட்டவணையைக் கிழிக்க மனசு வரவில்லை அவருக்கு.
திருப்பி ஒட்டினார்.
பின்பக்கம் ஒரே ஒரு கோடு, மேலே ஒரு தலைப்பு:
தெரியாதது.
பிள்ளைகள் கோணலாக எழுதுகிறார்கள்.
"கைப்பிள்ளைங்களை யாரு தூக்கினாங்க?"
"வழி தெரியலேன்னா யாருகிட்ட கேட்டாங்க?"
அடியில் கிடங்குப் பேரேட்டுக் கையெழுத்து, தேதியோடு:
"அவர்கள் முறுமுறுத்ததைக் குறை சொல்ல
எனக்கு யோக்கியதை உண்டா?"
அதற்குப் பதில் இன்னும் யாரும் எழுதவில்லை.

வாசிக்காத நாட்கள் இப்போதும் உண்டு.
பரீட்சை வரும், தலைவலி வரும்,
காரணமே இல்லாத சண்டை வரும்.
நேற்றுகூட இல்லை.

விடியுமுன் ஐந்து பத்துக்கு ஆஸ்பத்திரி பஸ்.
ஜன்னலோரம், மடியில் வேதம்.
அந்தப் பக்கம் தானாகவே திறக்கிறது,
தையல் இடுக்கில் அன்றைய மணல்.
ஊதிவிடவில்லை.
வெளியே இருட்டில்
எண்ணெய் ஆலைக் குழாயின் உச்சியில் நெருப்பு
பஸ்ஸோடு கொஞ்ச தூரம் வருகிறது.

மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்,
சாயங்காலம் ஒட்ட வேண்டும்:
ராத்திரியில் அவர்களுக்கு முன்னே போன நெருப்பு
சத்தம் போட்டதா?
பிள்ளைகள் தூங்கினார்களா?