இரண்டாவது பிரேக்

பாறசாலை தாண்டும்போது
அலைபேசி என்னை வேறு மாநிலத்துக்கு வரவேற்கிறது.
பதினோரு வருடமாக அதே வாசகம்.
எதிர் இருக்கையில் பெனடிக்டா டப்பாவைத் திறக்கிறாள்:
அவித்த மரச்சீனி, நேற்றைய மீன்.
"இண்ணைக்காவது அனுப்பியாச்சா பிள்ளே?"

இல்லை.
ராஜினாமாக் கடிதம் நான்கு மாதமாக வரைவில் கிடக்கிறது.
முதலில் ஒன்றரைப் பக்கம் இருந்தது.
காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.
இப்போது ஒரே வரி,
கீழே ஜெ. றெக்ஸலின்.

கழக்கூட்டத்தில் ஏழாவது மாடி.
பிறர் செய்ததில் பிழை பிடிப்பது என் வேலை.
பொத்தானை அமுக்கினால் பச்சை வர வேண்டும்.
வராவிட்டால் எழுதி வைக்க வேண்டும்.
எழுதி வைத்ததை
இது பிழையே இல்லை என்று ஒருவன் மூடுவான்.
மறுநாள் நான் திறப்பேன்.
மரக்கதவாக இருந்தால்
இதற்குள் கீல் கழன்று கையோடு வந்திருக்கும்.

யாருக்கான பொத்தான் என்று யாரும் சொன்னதில்லை.
நார்வேயில் யாரோ பல் வைத்தியச் செலவைத்
திரும்பக் கேட்கும் பக்கம் என்று ஒருமுறை காதில் விழுந்தது.
அந்தப் பல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்
அன்றைக்கு முழுக்க.

படித்தது மெக்கானிக்கல்.
வகுப்பில் அறுபத்திரண்டு பேர்.
ஐம்பத்தேழு பேர் கணினிக்குப் போனோம்.
மிச்ச ஐந்து பேரின் நகங்களை
திருமண வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வில்பிரடிடம் சொன்னேன்.
கூட்டுறவு வங்கிக்காரர், குரல் உயர்த்தவில்லை.
காலண்டர் தாளைக் கிழித்து முதுகில் எழுதினார்:
வீட்டுக் கடன் இருபத்து மூவாயிரத்து நானூறு,
மகளின் பள்ளி வேன்,
என் புதிய சம்பளம் என்ற இடத்தில் பதினான்கு.
கோடு போட்டார்.
கோட்டுக்குக் கீழே எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.
அது அன்பா பயமா என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிறு, படந்தாலுமூடு.
ஜஸ்டஸ் அண்ணனுக்கு முட்டில் ஆப்பரேஷன்,
பள்ளியின் பழைய மாருதியை எனக்குத் தந்திருக்கிறார்.
இடது இருக்கை.
என் காலடியிலும் ஒரு பிரேக்.
கேரளத்தில் காருக்கு எச் போட வேண்டும், இங்கே எட்டு.
எல்லையில் இருப்பவர்கள் இரண்டையும் பழகுகிறோம்.
ஒன்றில் திரும்ப இடமில்லை,
மற்றதில் நிற்க இடமில்லை.

ஸ்டியரிங்கில் மரியதங்கம்.
களியக்காவிளைச் சந்தையில் மீன் எடுத்து விற்பவள்,
கடனில் ஒரு குட்டியானை வாங்கியிருக்கிறாள்.
ஓட்ட ஆள் வைத்தால் லாபம் அவனோடு போய்விடும்,
அதனால் தானே படிக்கிறாள், நாற்பத்தெட்டு வயதில்.
"ஏசி ரூமு வேலையெ களஞ்சிட்டு
இதுக்கு வாறியாக்கும்?"
"ரோட்டைப் பாருங்க அக்கா."

ஏற்றத்தில் வண்டி அணைந்தது.
பின்னால் ஒரு சிவப்புப் பேருந்து
ஹாரனில் கையை வைத்தபடி நின்றது.
கிளட்சை அவள் சட்டென்று விட்டிருந்தாள்.
பிழை எனக்குத் தெரிந்தது.
எழுதி வைக்க இடமில்லை.

மறுபடி சாவி.
வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது.
இன்னும் அரைச் சாண்.
என் கால் பிரேக்குக்கு மேலே,
தொடாமல்,
தொடையில் நடுக்கம் ஏற.
அமுக்கினால் நிற்கும்.
அமுக்கினால் அவள் இறங்கிப் போய்
நாளைக்கே ஒரு டிரைவரைத் தேடுவாள்.

"பாதி. பாதியிலயே பிடியுங்க.
நடுங்கும். நடுங்கட்டும்."

வண்டி நடுங்கியது.
பிறகு முன்னால் போனது,
மீன்வாடையும் நானும்
அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்த ஜெபமுமாக
வளைவு வரைக்கும்.
அங்கே அவள் தப்பான பக்கம் இண்டிகேட்டர் போட்டாள்.

திங்கள். குழித்துறை.
பெனடிக்டா டப்பாவைத் திறக்கிறாள்.
"அனுப்பியாச்சா?"
"நோட்டீஸ் மூணு மாசம்" என்றேன்.
அவள் கேட்டது அதுவல்ல.
மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள்,
பிறகு ஒரு துண்டு மீனை
மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.
முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது
பாறசாலை வந்தது.
பையில் அலைபேசி அதிர்ந்தது.
கையெல்லாம் மீன்,
எடுக்கவில்லை.