பழைய எண் 14 / புதிய எண் 31

திருவான்மியூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு
இரண்டு எண்.
கூரியர் பழையதைக் கேட்பார், சிலிண்டர்காரர் புதியதை.
இரண்டையும் ஒரே தகரத்தில் எழுதி
நடுவில் சாய்கோடு போட்டிருக்கிறார் வீட்டுக்காரர்.
அந்தச் சாய்கோட்டைத்தான்
மூன்று இரவாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் லைப்ரரி நாற்பது வரி.
தொகையைக் கொடுத்தால்
லட்சத்துக்கும் கோடிக்கும் காற்புள்ளி வைத்துத் தரும்.
வேறொன்றும் தெரியாது அதற்கு.

அம்பத்தூர் இர்ஷாத் அதை ரிக்வயர் என்று கூப்பிடுகிறார்,
அவர் சர்வர் வேறு பேச்சுக்கு எழாது.
கிண்டியில் எல்லாரும் இம்போர்ட் என்கிறார்கள்,
இன்னுமா ரிக்வயர் என்று சிரிக்கிறார்கள்.
காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கெழுதும் ஜெசிந்தா
கூப்பிடுவதே இல்லை.
பக்கம் திறக்கும்போது
அது ஜன்னலில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

எக்ஸ்போர்ட்ஸ் இருக்கிறதா பார்.
இல்லையா, டிஃபைன் உண்டா பார்.
அதுவும் இல்லையா, ஜன்னலுக்குப் போ.
நாற்பது வரிச் சரக்குக்கு
அறுபது வரி வாசல்.

முதல் இரவு
டிஃபால்ட்டைப் பிரித்தால் உள்ளே இன்னொரு டிஃபால்ட்,
மொய்க் கவருக்குள் மொய்க் கவர்.
இரண்டாம் இரவு கரண்ட் இல்லை.

இன்று காலை இர்ஷாத் போன்:
"திரையில் 1,24,650. பில்லில் 1,24,649.60.
பைசா வேண்டாம்னு சொல்லி வச்சேனே,
உங்க லைப்ரரிக்கு மறதியா மேடம்?"

மறதி இல்லை, இர்ஷாத்.
நீங்கள் ஒரு வாசலில் வந்தீர்கள்,
பில் அடிக்கும் பேக்கேஜ் இன்னொரு வாசலில் வந்தது.
வாசலுக்கு ஒன்றாய்
இரண்டு வீடு கட்டி வைத்திருக்கிறேன்.
அதே பேர், அதே வெர்ஷன், அதே நாற்பது வரி.
இங்கே சொன்னது அங்கே கேட்கவில்லை.
ஒரே மெமரியில் அடுத்தடுத்து உட்கார்ந்து
ஒன்றுக்கொன்று முகம் தெரியாமல்
சரியாகவே வேலை பார்த்திருக்கின்றன இரண்டும்.

இடித்தேன்.
ஞாபகம் இனி ஒரே ஃபைலில்.
இம்போர்ட் வாசல் இரண்டே வரி:
உள்ளே போய், இருப்பவரையே கூட்டி வரும்.
பேக்கேஜ் ஜேசனில் இரண்டு வழியையும் எழுதி ஓட்டினால்
உடைந்தது.
கடைசி வரியில் ஒரு காற்புள்ளி அதிகம்.
காற்புள்ளி வைத்துப் பிழைக்கிறவள் நான்.

பப்ளிஷ் ஆனபோது மணி ஒன்று பத்து.
கீழே கேட்டைத் தட்டும் சத்தம்.
"பதினாலா மேடம்? பிரியாணி."
பழைய பதினாலு இதுதான் என்றேன்.
போனை ஒருமுறை பார்த்தான்.
"இது புதுப் பதினாலு."

அது ஏழு வீடு தள்ளி.
கை காட்டினேன்.